அரைக் கரண்டி முள்ளம்பன்றி

ஆறாம் எண் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தபோது கறார் அக்காவின் கையில் எட்டுப் படுக்கை விரிப்புகள் இருந்தன. துவைத்து, காயவைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தவை. அவள் எதையும் தரையில் வைக்கிறவள் இல்லை, அன்றும் வைக்கவில்லை. ஆனால் நடை நின்றுவிட்டது.

சிரித்தது சர்வேயர். அந்த முதியோர் இல்லத்துக்கு வந்து பதினொரு நாளில் அவர் கறார் அக்காவிடம் பேசியது மொத்தம் நாலே வாக்கியம். அதில் மூன்று, "வேண்டாம்." நாலாவது, "இது சாப்பாடா, சுவத்துக்குப் பூசற பசையா?"

இப்போது அதே ஆள் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார்: "முள்ளம்பன்றியா? நீயா சாப்பிட்டே?"

"பின்னே, அது என்னையா சாப்பிட்டுச்சு?"

பதில் சொன்னவள் போன வாரம் வேலைக்குச் சேர்ந்த புதுப் பணியாள். மலைப்பக்கத்துக்காரி. எல்லாரும் மலைக்காரி என்றே கூப்பிட்டார்கள், அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஆறு வாரப் பயிற்சி. கறார் அக்கா படித்ததோ ஒன்பது மாதம். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள்.

"முள்ளை எப்படி எடுத்தே?" என்றார் சர்வேயர்.

"எடுப்போம் எடுப்போம். கொதிக்கிற தண்ணியை ஊத்தினா கழண்டுடும் சார். எங்க சித்தப்பா அவசரக்குடுக்கை, தண்ணி கொதிக்கிறதுக்குள்ள கையை வச்சிட்டார். அன்னைக்கு நாங்க முள்ளு எடுத்தது பன்னிகிட்ட இருந்து இல்ல, சித்தப்பாகிட்ட இருந்து."

மறுபடியும் சிரிப்பு. பிறகு திடீரென்று ஒரு அமைதி. நீளமான அமைதி. கறார் அக்கா கதவின் பக்கமாகக் காதைச் சாய்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தன்னைப் பற்றித்தான் ஏதோ குசுகுசுக்கிறார்கள் என்று அவளுக்கு உடனே தோன்றிவிட்டது. விரிப்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பத்து நிமிடம் கழித்து மலைக்காரி வெளியே வந்தாள். கையில் இருந்த கிண்ணம் பாதி காலி.

"அக்கா, பாதி சாப்பிட்டுட்டார் அக்கா! பாதி!"

"ஒரு தடவை சொன்னா போதும். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் கறார் அக்கா.

*

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக அந்த இல்லத்தில் வேலை. பக்கவாதம் வந்து விழுங்கும் சக்தி குறைந்தவர்களுக்கு ஊட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தாடையைத் தாழ்த்தச் சொல்வாள். அரைக் கரண்டி எடுப்பாள், அதற்கு மேல் ஒரு பருக்கை வராது. பலமுள்ள பக்கத்துக் கன்னத்தில் வைப்பாள். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். "ஆ" சொல்லச் சொல்லிக் குரலில் ஈரம் ஒட்டியிருக்கிறதா என்று கேட்பாள். பிறகுதான் அடுத்த அரைக் கரண்டி. வாயில் உணவு இருக்கும்போது பேசக்கூடாது, பேச வைக்கவும் கூடாது. இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஊட்டும் அறையில் ஒட்டியதே அவள்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கையில் யாருக்கும் புரை ஏறியதில்லை. கறார் அக்கா என்ற பேர் கேலியாக ஆரம்பித்து, நாளடைவில் மரியாதையாகவே ஆகிவிட்டது.

பொறாமை அவளுக்குப் புதிது இல்லை. கல்யாணமான புதிதில் மாமியார் படுக்கையில் விழுந்தார். மூன்று வருடம். குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டது எல்லாம் இவள். ஓரகத்தி வாரத்துக்கு ஒருமுறை வருவாள். கட்டிலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நடித்துக் காட்டுவாள், கிழவி குலுங்கக் குலுங்கச் சிரிப்பார், அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அடுத்த ஆறு நாளும் மாமியார் இவளிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சின்னவ என்னைக்கு வருவா?" கடைசி நாளிலும் அதைத்தான் கேட்டார். அதற்குப் பிறகுதான் இவள் பயிற்சிக்குப் போனாள். செய்கிற வேலைக்குச் சான்றிதழாவது இருக்கட்டும் என்று.

சர்வேயர் விஷயத்தில் காரியம் அவசரம். அவர் முப்பது வருடம் காட்டு எல்லைகளை அளந்தவர். கூடாரம் போட்டுத் தங்கி, கிடைத்ததைச் சுட்டுச் சாப்பிட்டு வளர்ந்த வயிறு. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, நாக்கு ஒரு பக்கம் தடித்துவிட்டது. இனிமேல் மசித்ததுதான் ஆகாரம். அவர் வாயைத் திறக்க மறுத்தார். வந்தபோது நாற்பத்தொன்பது கிலோ, பதினொன்றாம் நாள் நாற்பத்தைந்தே கால். வெள்ளிக்கிழமை எடை நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடுவது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மூக்கு வழியா சாப்பிட நான் என்ன யானையா?" என்றாராம் சர்வேயர். இதையும் மலைக்காரியிடம்தான் சொன்னார்.

குழாய் போட்டுக்கொண்டவர்கள் அதைப் பிடுங்குவார்கள். பிடுங்கினால் கையைக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய கைகளைக் கறார் அக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். இந்த மனிதர் கையைக் கட்டக்கூடாது என்று நினைத்தாள். அவர் என் கையால்தான் சாப்பிட வேண்டும் என்றும் நினைத்தாள். முதல் ஆசை நல்லது, இரண்டாவது அவ்வளவு நல்லதில்லை என்பது அவளுக்கே தெரியும்.

தலைமை நர்ஸ் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். "மத்தியானமும் சாயங்காலமும் மலைக்காரி ஊட்டட்டும். காலையில நீங்க பாத்துக்கங்க," என்றார்.

"அவளுக்கு இன்னும் பழக்கம் போதாது மேடம்."

"அவர் சாப்பிடறாரே."



*

செவ்வாயும் புதனும் ஆறாம் எண் அறை வாசலில் கறார் அக்காவுக்கு நிறைய வேலை வந்தது. கதவுக் கைப்பிடியைத் துடைத்தாள். காய்ந்துபோன தரையை இன்னொரு தடவை துடைத்தாள். உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க பக்கம் ஆளுங்க ஏன் எதையும் ரெண்டு தடவை சொல்றீங்க?" இது சர்வேயர். "நான் உங்க மலையில எட்டு வருஷம் இருந்தேன். 'வாங்க வாங்க', 'இருங்க இருங்க', 'செத்துட்டான் செத்துட்டான்'னு. ஒருத்தன் எப்படி ரெண்டு தடவை சாவான்?"

"முதல் தடவை பக்கத்துல இருக்கிறவனுக்கு சார். ரெண்டாவது எதிர் மலையில இருக்கிறவனுக்கு."

"அப்ப சமவெளிக்காரங்க நாங்க?"

"நீங்க ஒரு பேச்சை ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள மாடு மேஞ்சிட்டு வீட்டுக்கு வந்துடும்."

சிரிப்பு. பிறகு அந்த அமைதி. கறார் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னதான் பேசுகிறார்களோ.

"கறார் அம்மா எந்தப் பக்கம்?" என்று சர்வேயரின் குரல் மறுபடி எழுந்தது. "அவங்க பேசறது ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு. ஊரே தெரியல."

"அவங்க ஆஸ்பத்திரியிலயே பிறந்திருப்பாங்க சார்."

கறார் அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பொத்துக்கொண்டு வந்த கோபத்தில் கழிவறைக் கோப்பைகளை இரண்டு முறை கழுவினாள்.

அவள் கடலோரத்தில் பிறந்தவள். கடலோரத்து ஆட்கள் காற்றோடு போட்டி போட்டுப் பேசுகிறவர்கள். ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். பயிற்சி விடுதியில் உடன் படித்த பெண்கள் அவள் வாயைத் திறந்ததும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒன்பது மாதத்தில் அவள் தன் பேச்சின் மேடு பள்ளத்தையெல்லாம் இழைத்துத் தள்ளிவிட்டாள். இஸ்திரி போட்ட பேச்சுதான் மிச்சம். அதைத்தான் இப்போது ரேடியோ நியூஸ் என்கிறார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் சமையலறைக்குப் போனாள். சமையல்காரர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவர் காட்டை ஒட்டிய ஊரில் வளர்ந்தவர்.

"வௌவாலை எப்படிச் சாப்பிடுவாங்க?"

சமையல்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "அக்கா, மெனுவை மாத்தப் போறாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

சொன்னார். பழம் தின்னும் வௌவால்தான் ருசி என்றார். இறக்கையைக் கழற்றி, மயிர் பொசுக்கிச் சுட வேண்டும் என்றார். அவருடைய மாமா ஒருவர் பையில் பிடித்து வைத்த வௌவாலை மறந்துவிட்டு அதே பையோடு பெண் பார்க்கப் போன கதையையும் சேர்த்துச் சொன்னார். கறார் அக்கா அதை மனப்பாடம் செய்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று மலைக்காரி மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லியும் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்த முகம் ஓரகத்தியின் முகம் மாதிரி இல்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை காலை எட்டு மணி. சர்வேயரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். மார்பில் துண்டு கட்டினாள். தாடையைத் தாழ்த்தச் சொன்னாள். மசித்த காரட்டும் கோழியும், அரைக் கரண்டி. அவர் அரைமனதாக வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வௌவால் பிடிச்சார் பிடிச்சார்," என்று ஆரம்பித்தாள் கறார் அக்கா.

சர்வேயரின் புருவம் ஏறியது. வாயில் இருந்த உணவு அப்படியே நின்றது.

"பையில போட்டுக் கட்டினார் கட்டினார். மறந்துட்டார் மறந்துட்டார். அந்தப் பையோடயே பொண்ணு பார்க்கப் போனார் போனார்..."

கதைக்கு அவர் சிரித்திருக்க மாட்டார். பதினாலு நாளாக ரேடியோ நியூஸ் வாசித்த அம்மாள் மலைக்காரியின் ராகத்தில் வௌவால் கதை பாடுவதைக் கண்டுதான் அவருக்குத் தாங்கவில்லை. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது, உணவு கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டும் தொண்டையில் மோதிக்கொண்டன.

முதலில் இருமினார். இருமும் வரைக்கும் பயமில்லை. "இருமுங்க, நல்லா இருமுங்க," என்றாள். அப்புறம் இருமல் நின்றது. சத்தமே இல்லை. உதடு நீலமாகத் தொடங்கியது.

அந்த நிமிடத்தில் அவள் பொறாமைக்காரியும் இல்லை, கதை சொல்பவளும் இல்லை. அவரை முன்னால் குனிய வைத்து, ஒரு கையால் மார்பைத் தாங்கி, மறு உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது அடியில், மார்பில் கட்டியிருந்த துண்டில் காரட் மசியல் வந்து விழுந்தது. சர்வேயர் கிணற்றிலிருந்து ஏறுகிறவர் மாதிரி மூச்சை இழுத்தார்.

இடையில் கறார் அக்கா அழுத்தியிருந்த அழைப்பு மணி கேட்டு மலைக்காரிதான் முதலில் ஓடிவந்தாள். வாயைத் துடைத்தார்கள், உறிஞ்சும் குழாயால் தொண்டையைச் சுத்தம் செய்தார்கள். எல்லாம் ஓய்ந்ததும் சர்வேயர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கரகரத்த குரலில் கேட்டார்:

"பொண்ணு... சம்மதிச்சுதா?"

யாரும் சிரிக்கவில்லை.

வராந்தாவில் மலைக்காரி கறார் அக்காவின் கையைப் பிடித்தாள். "தானா புரை ஏறிடுச்சுன்னு எழுதிடுங்க அக்கா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அந்த இரக்கம்தான் கறார் அக்காவுக்குத் தாங்கமுடியாமல் போயிற்று. "கையை எடு," என்றாள். சம்பவப் பதிவேட்டைத் திறந்து எழுதினாள்: 'வாயில் உணவு இருக்கும்போது நான் கதை சொல்லிச் சிரிக்க வைத்தேன். புரை ஏறியது. தவறு என்னுடையது.' நேரம் போட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

தலைமை நர்ஸ் அதை இரண்டு முறை படித்தார். "நீங்களா?"

"நான்தான்."

"டாக்டர் வந்து நெஞ்சைப் பாக்கிற வரைக்கும் வாய் வழியா ஒண்ணும் கிடையாது. நாளைக்கு எடை வேற இருக்கு."

"தெரியும் மேடம்."

காலைச் சாப்பாடும் போயிற்று, மத்தியானச் சாப்பாடும் போயிற்று. தான் செய்த காரியத்தால் அந்த மனிதரின் மூக்கில் நாளைக்குக் குழாய் ஏறக்கூடும். அன்று அவள் யார் மீதும் பொறாமைப்படவில்லை, அதற்கு நேரமில்லை.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, சாயங்காலம் ஊட்டலாம், ஆனால் நாளை வரை இரண்டு பேர் இருக்க வேண்டும் என்றார். ஒருத்தி மலைக்காரி. இன்னொருத்தி நீங்கள் என்றார் தலைமை நர்ஸ். அது தண்டனையா என்று கறார் அக்காவுக்குப் புரியவில்லை. சாயங்காலம், கதவுக்கு வெளியே நின்று கேட்டதை முதல் தடவையாக உள்ளே உட்கார்ந்து பார்த்தாள்.

"உடும்புக்கு வால்தான் சார் கறி," என்றாள் மலைக்காரி. கரண்டியை எடுத்தாள். அரைக் கரண்டிதான். "எங்க அத்தை அதை அடுப்பில வச்சுட்டுத் திரும்பினா, பின்னாடி யார் நின்னாங்க தெரியுமா?"

கரண்டி உள்ளே போனது. மலைக்காரி வாயை மூடிக்கொண்டாள்.

அறை அமைதியானது. சர்வேயர் அவள் முகத்தையே பார்த்தபடி மென்றார், தாடையைத் தாழ்த்தி விழுங்கினார். அவள் அசையவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. "ஆ," என்றாள். "ஆ," என்றார். குரல் தெளிவாக இருந்தது.

"யாரு நின்னாங்க?" என்றார் சர்வேயர்.

"இன்னொரு கரண்டி. அப்புறம் சொல்றேன் சொல்றேன்."

கறார் அக்காவுக்குக் காது சூடானது. அந்த அமைதி. மூன்று நாளாகக் கதவுக்கு வெளியே நின்று, தன்னைப் பற்றிய குசுகுசுப்பு என்று அவள் வயிறு எரிந்த அந்த அமைதி. அவர் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இவள் சுவரில் ஒட்டி வைத்த விதியை மலைக்காரி எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்திருக்கிறாள். சிரிப்பைக் கேட்ட காதுக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

கிண்ணம் காலியானது. அத்தைக்குப் பின்னால் நின்றது வனக்காவலர். அவருக்கும் ஒரு தட்டுப் போட்டார்களாம்.

*

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டையும் இருவரும் சேர்ந்தே ஊட்டினார்கள். கரண்டி கறார் அக்காவின் கையில், கதை மலைக்காரியின் வாயில். பத்து மணிக்கு எடை நாற்காலி வந்தது. சர்வேயர் கம்பளித் தொப்பி, சால்வை, தடித்த காலுறை எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். மலைக்காரி கண்டும் காணாததுபோல் நின்றாள்.

"எல்லாத்தையும் கழட்டுங்க," என்றாள் கறார் அக்கா.

"அக்கா, அரைக் கிலோ வரும் அக்கா, இருக்கட்டுமே இருக்கட்டுமே."

"கழட்டுங்க."

"இந்தம்மா மனுஷியா, தராசா?" என்றார் சர்வேயர். ஆனால் கழற்றினார்.

நாற்பத்தைந்து கிலோ நூறு கிராம். தலைமை நர்ஸ் எழுதிக்கொண்டார். குழாய் இல்லை. மலைக்காரி கைதட்டினாள். கறார் அக்கா சால்வையை மடித்தாள்.

சனிக்கிழமையிலிருந்து பழைய முறைப்படி காலை அவளுடையது என்றார் தலைமை நர்ஸ். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தவறு, அதையும் தானே எழுதிக்கொடுத்தவள், இனி அதை ஒருநாளும் செய்யமாட்டாள் என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை காலை எட்டு மணி. அரைக் கரண்டி. சர்வேயர் வாயைத் திறக்கவில்லை.

"கதை?"

"எனக்குக் கதை வராது. அந்த வௌவாலும் சமையல்காரரோடது."

"தெரியும். உன் முகத்தைப் பாத்தா வௌவால் தின்ன முகமா தெரியல. என்ன தின்னிருக்கே? எந்த ஊரு நீ?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். முப்பது வருடமாக யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

"கடலோரம்," என்றாள். "நீர்க்காகம் தின்னிருக்கேன்."

"நீர்க்காகமா! அது அழுகின மீன் நாத்தம் அடிக்குமே!"

"அதான் மணல்ல ஒரு நாள் புதைச்சு வைப்போம். படகு போகாத புயல் நாள்ல, கரையோரம் கட்டின வலையில வந்து மாட்டும். எங்கப்பா ஒரு தடவை புதைச்ச இடத்தை மறந்துட்டார். கடற்கரை முழுக்கத் தோண்டினோம்." குரல் தானாக ஏறிக்கொண்டே போனது. இழைத்துத் தள்ளிய மேடும் பள்ளமும் எங்கிருந்தோ திரும்பி வந்தன. "தோண்டத் தோண்ட என்ன கிடைச்சுது தெரியுமா?"

சர்வேயரின் வாய் தானாகத் திறந்தது. அரைக் கரண்டி உள்ளே போனது. கறார் அக்கா வாயை மூடினாள்.

அறையில் சத்தம் இல்லை. அவர் தொண்டையைப் பார்த்தபடி காத்திருந்தபோதுதான் அவள் கண் கதவுக்குக் கீழே போனது. அடியில் இருந்த இடைவெளியில் இரண்டு கால்களின் நிழல். அசையாமல் நின்றது. பக்கத்தில் ஒரு வாளியின் நிழல். அந்தத் தரையை ஏழு மணிக்கே துடைத்தாயிற்று.

"ஆ," என்றாள்.

"ஆ. என்ன கிடைச்சுது?"

கறார் அக்கா நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் காதுப் பக்கம் குனிந்தாள். பிறந்ததிலிருந்து காற்றோடு போட்டி போட்ட குரலை, கதவு வரைக்கும் போய்விடாதபடி எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, மீதியைச் சொல்ல ஆரம்பித்தாள்.